வெட்டுமுகமும் பாதையும்: கோயில் அதிட்டான ஆவணமாக்கத்தில் வரைமொழியின் இடம்

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டம் திற்பரப்பில் கோதையாற்றின் கரையில் அமைந்த மகாதேவர் கோயில், சிவாலய ஓட்டத் தலங்கள் பன்னிரண்டனுள் மூன்றாவதாகும். 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணையும்வரை இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தமிழக, கேரளக் கட்டட மரபுகள் சந்திக்கும் இத்தகைய பகுதியின் கோயில்களை ஆவணப்படுத்துவோர், அதிட்டானத்தின் முப்பரிமாண வடிவத்தை எவ்வாறு பதிவு செய்வது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வளைவரை நகர்வின் வரலாறு

ஒரு தள உருவம் அச்சொன்றைச் சுற்றி நகரும்போது தோன்றும் திண்மத்தின் கனஅளவு, அவ்வுருவின் பரப்பையும் அதன் மையம் கடந்த தொலைவையும் பெருக்கக் கிடைக்கும் என்பது கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பசின் தேற்றம். 1979இல் தொனால்டு நூத் வெளியிட்ட மெட்டாஃபாண்ட், பேனா முனையைப் பாதையொன்றின் வழியே நகர்த்தி எழுத்துருவை அமைத்தது. அம்மரபில் வந்த அசிம்ப்டோட் என்னும் வரைமொழியில், வெட்டுமுக வளைவரையையும் முப்பரிமாணப் பாதையையும் கொடுத்தால் குழாய்ப்பரப்பு உருவாகிறது.

அதிட்டானத்தில் இதே நெறி

உபானம், சகதி, குமுதம், கண்டம், பட்டிகை ஆகிய உறுப்புகளின் உயரங்களை மயமதம் பகுதிகளாகப் பகுத்துரைக்கிறது. அவ்வரிசையே வெட்டுமுகம், கருவறையின் தளவரைவே பாதை. பாதை சதுரமாகலாம், பழைய திருவிதாங்கூரின் ஏற்றுமானூரில் உள்ளதுபோல் வட்டமாகலாம், வைக்கத்தில் உள்ளதுபோல் நீள்வட்டமாகலாம். வட்டப் பாதையில் வெட்டுமுகம் தடையின்றி நகர்கிறது. சதுரத்தின் செங்கோண மூலையிலோ அதன் திசை திடீரென மாறுவதால், இரு பக்கங்களும் 45 பாகைத் தளத்தில் பொருந்த வேண்டும். அத்தளத்தில் உறுப்பின் உயரம் மாறாது. பிதுக்கம் மட்டும் ஏறத்தாழ 1.414 மடங்காகும். கல்தச்சரும் வரைமொழியாளரும் எதிர்கொள்ளும் சிக்கல் இங்கு ஒன்றே.

ஆவண மதிப்பும் எல்லையும்

திருப்பணிகளில் தரைமட்டம் உயர்த்தப்படும்போது உபானமும் சகதியும் மறைவதுண்டு. கல்வெட்டுகள் பெரும்பாலும் சகதியிலும் குமுதத்திலும் பொறிக்கப்படுவதாலும், உறுப்பு வடிவங்கள் காலக்கணிப்புக்கு உதவுவதாலும் இவ்விழப்பு பெரிது. முன்னரே அளந்து பதிந்த வெட்டுமுகமும் தளவரைவும் இருப்பின், மறைந்த பகுதியின் வடிவத்தை மீட்டு வரைய இயலும்.

எனினும் நகர்வால் பெறப்படுவது பிழையற்ற ஒழுங்கு வடிவம் மட்டுமே. கல்லின் இணைப்பு, தேய்மானம், பிற்காலத்தில் மாற்றிப் பதித்த கல் ஆகியவை அதில் இடம்பெறா. எனவே வரைமொழி உருவைக் கோயிலின் நகலாகக் கொள்வது பிழை. அதனை ஓர் அளவுகோலாகக் கொள்வதே தகும். ஒரே சுவரில் பல இடங்களில் எடுத்த வெட்டுமுகங்களை அவ்வுருவோடு ஒப்பிட்டால், ஒழுங்கிலிருந்து விலகிய இடங்கள் புலப்படும். பழுதுபார்ப்பையும் கட்டுமானக் கட்டங்களையும் தேட வேண்டியவை அவ்விடங்களே.

முடிவுரை

வடிவத்தைப் பதிய வெட்டுமுகமும் பாதையும் போதும். வரலாற்றைப் பதிய அவற்றினின்று கல் விலகும் அளவும் வேண்டும். திற்பரப்பு உள்ளிட்ட பன்னிரு சிவாலயங்களிலும் அடுத்த திருப்பணிக்கு முன்னர் இம்மூன்றையும் தனித்தனியே அளந்து பதிவது, இப்பகுதியின் கட்டடக்கலை ஆய்வுக்கு இன்றியமையாதது.