ஜே, கே, எல்: மூன்று விசைகளின் பழைய கதை

காணொளி தொகுக்கும் ஒருவரின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? மௌஸ் அதிகம் அசையாது. வலக்கையின் மூன்று விரல்கள் ஜே, கே, எல் விசைகளின் மேல் இருக்கும். ஜே அழுத்தினால் படம் பின்னோக்கி ஓடும். கே நிறுத்தும். எல் முன்னோக்கி ஓட்டும். இரண்டு தடவை அழுத்தினால் வேகம் கூடும். மேல் வரிசையில் உள்ள ஐ துண்டின் தொடக்கத்தையும், ஓ முடிவையும் குறிக்கும். பிரீமியர், டாவின்சி ரிசால்வ், அவிட், ஃபைனல் கட் எல்லாவற்றிலும் இதே வழக்கம்தான்.

இந்த வேலை கணினிக்கு முந்தியது. 1924இல் மூவியோலா என்ற தொகுப்புக் கருவி ஹாலிவுட்டுக்கு வந்தது. பிறகு ஜெர்மனியின் ஸ்டீன்பெக் மேசைகள் வந்தன. அவற்றில் ஒரு கைப்பிடி உண்டு. வலப்பக்கம் தள்ளினால் படம் முன்னே ஓடும், இடப்பக்கம் தள்ளினால் பின்னே ஓடும், நடுவில் நிற்கும். ஜே, கே, எல் இருக்கும் ஒழுங்கும் அதுதான்!

அந்தக் காலத்தில் 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஒரு நிமிடக் காட்சியின் நீளம் 90 அடி. அதைப் பிளேடால் வெட்டி, டேப்பால் ஒட்டுவார்கள். மீதித் துண்டுகளைத் துணி விரித்த தொட்டிக்கு மேல் கொளுவி விடுவார்கள். மனம் மாறினால் டேப்பை உரித்து, பழைய துண்டைத் தேடிப் பிடித்து மறுபடி ஒட்ட வேண்டும். இன்று நாம் கண்ட்ரோல் இசட் அழுத்துகிறோம். அந்தத் தொட்டிக்கு ஆங்கிலத்தில் 'பின்' என்று பெயர். பிரீமியரில் கோப்புறையை இன்றும் 'பின்' என்றே அழைக்கிறார்கள். வெட்டும் கருவியின் படமும் ஒரு பிளேடுதான்.

1971இல் வந்த சிஎம்எக்ஸ் 600 கணினியில் ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டுத் தொகுத்தார்கள். 1989இல் அவிட் தன் முதல் கருவியை வெளியிட்டது. 1994இல் வந்த கமல்ஹாசனின் 'மகாநதி', இந்தியாவில் அவிட்டைப் பயன்படுத்திய முன்னோடிப் படங்களில் ஒன்று. வால்டர் மர்ச் 'தி இங்கிலிஷ் பேஷண்ட்' படத்தைச் சுருளில் தொடங்கி, பாதியில் அவிட்டுக்கு மாறினார். 1997இல் அதற்குத் தொகுப்புக்கான ஆஸ்கர் கிடைத்தது. கணினியில் தொகுத்து அந்த விருதை வென்ற முதல் படம் அது.

ஆனால் சுருளில் ஒரு நன்மை இருந்தது. ஒரு காட்சியைத் தேட முழுச் சுருளையும் ஓட்ட வேண்டும். தேடாத நல்ல காட்சிகளும் வழியில் கண்ணில் படும். கணினி நேராகத் தாவிவிடுகிறது.

சென்ற ஆண்டு என் அம்மம்மா ஊரைப் பற்றிப் பேசிய இரண்டு மணி நேர ஒளிப்பதிவைத் தொகுத்தேன். பேச்சில்லாத இடங்களைத் தானே வெட்டும் வசதி என் மென்பொருளில் இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை. எல் விசையை ஒரு தடவை மட்டும் அழுத்தி முழுவதையும் பார்த்தேன். வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொல்லும் முன் அவர் ஆறு விநாடி பேசாமல் இருக்கிறார். அந்த ஆறு விநாடியும் படத்தில் இருக்கிறது.

நீங்களும் ஒரு வாரம் இந்த ஐந்து விசைகளைப் பழகுங்கள். மிச்சமாகும் நேரத்தில், வெட்டத் தொடங்கும் முன், முழுப் பதிவையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.