பார்ச்சு: மலாக்காவில் ஒரு படையல்

பண்டிகை நாளில் பசிக்கிறது என்று அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அரியலூர் மாவட்டத்துத் திருமானூர் வட்டார வீடுகளில் ஒரே பதில்தான் கிடைக்கும்: "இரு, படைச்சுட்டுச் சாப்பிடலாம்." அகராதியில் 'படையல்' என்ற பெயர்ச்சொல் கம்பீரமாக இடம்பிடித்திருக்கும். வீட்டில் புழங்குவதோ வினைதான்: படைக்கணும், படைச்சாச்சு, படைச்சுட்டு. தலைவாழை இலையில் சோறும் குழம்பும் பொரியலும் போட்டு, சாம்பிராணி காட்டி, செத்துப்போன பெரியவர்களை நினைத்துக் கும்பிட்ட பிறகே மற்றவர்களுக்குப் பந்தி.

போகி அன்று மலேசியாவின் மலாக்கா நகரில், காஜா பெராங் பகுதியின் கம்போங் செட்டியிலும் இதே காரியம் நடக்கிறது. வாழை இலை உண்டு, சாம்பிராணி உண்டு, திருநீறு உண்டு. இலையில் விழுவது மட்டும் வேறு. தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக், புளி சேர்த்துக் காய்ச்சிய பிண்டாங் மீன், பெலாச்சான் என்னும் இறால் விழுது இடித்த சம்பால், பச்சரிசிமாவிலும் பயறிலும் செய்த பலகாரங்கள். பரிமாறும் பெண்கள் உடுத்தியிருப்பது கெபாயா என்னும் மேற்சட்டையும் சாரோங்கும். ஆண்கள் தலையில் சுற்றும் துணிக்கு 'தலாப்பா' என்று பெயர். தமிழ்நாட்டார் யாருக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படாது. வீட்டுக்குள் பேச்சு முழுக்க மலாய். அந்த மலாய்ப் பேச்சுக்கு நடுவே அன்றைய சடங்குக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பார்ச்சு'.

மலாய் நாவுக்குத் தமிழின் டகரம் பழக்கமில்லாதது. இரண்டு உயிர்களுக்கு இடையில் நாக்கு மடங்கி வரும் அந்த ஒலி, கேட்பவர் காதில் ரகரத்துக்கு வெகு அருகில் போய் விழும். 'படைச்சு' என்பதை நாலைந்து தடவை வேகமாகச் சொல்லிப் பார்த்தால் 'பர்ச்சு' வரை தானாகவே வந்துவிடும். 'படையல்' என்ற பெயரிலிருந்து பார்ச்சு பிறந்திருக்க வழியில்லை. சகரம் அங்கே இல்லை. ஆகவே கடல் தாண்டிப் போனது கோயில் கல்வெட்டின் சொல்லோ புலவரின் சொல்லோ அல்ல. சோறு வடித்துக்கொண்டே அவசரத்தில் சொன்ன பேச்சு வழக்கு என்றே தோன்றுகிறது.

யார் இவர்கள்? அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்விக்கு ஒரு விடை முந்திக்கொண்டு வரும். கங்கைகொண்ட சோழபுரம் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1025இல் ராஜேந்திரன் கடாரத்தின் மீது கப்பல் அனுப்பினான். அந்தப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டு 2025 ஆடித் திருவாதிரையில் ஊரே திரண்டு கொண்டாடப்பட்டது. அப்படியானால் இவர்கள் சோழப் படைவீரரின் வாரிசுகள்! இந்த முடிவு கேட்க இனிக்கும். ஆனால் கணக்கு உதைக்கிறது. மலாக்கா என்ற துறைமுகமே ராஜேந்திரனுக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் கழித்து, 1400ஐ ஒட்டி எழுந்தது. அங்கே போனவர்கள் துணி விற்கப் போனவர்கள். சோழமண்டலக் கரையின் சாயத்துணியைக் கொண்டுபோய்க் கொடுத்து, ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கிவந்தவர்கள். காற்று திசை மாறும்வரை அவர்கள் மாதக்கணக்கில் தங்க வேண்டியிருந்தது. தங்கியவர்களில் பலர் மலாய், ஜாவா, சீனப் பெண்களை மணந்து அங்கேயே நிலைத்தார்கள். அவர்கள் வழிவந்தவர்களே மலாக்கா செட்டிகள். வாளுக்கு நாம் விழா எடுக்கிறோம். தராசு பிடித்தவனை மறந்துவிடுகிறோம்.

1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்தபோது, அவர்களுடைய கைதிகளுக்கு முன்பு உதவியிருந்த நைனா சத்து என்ற வணிகரை அவர்களின் தளபதி அல்புகெர்க்கே இந்து வணிகர்களுக்குத் தலைவராக்கினார். சில ஆண்டுகளில் அந்தப் பதவி பறிபோக, அவமானம் தாங்காமல் அவர் தீப்பாய்ந்து இறந்ததாகப் போர்ச்சுகீசிய ஆவணங்கள் சொல்கின்றன. 1641இல் டச்சுக்காரர் வந்தார்கள். வணிகம் முழுவதையும் அவர்கள் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்டதால், செட்டிகள் நகரின் ஓரத்துக்குப் பெயர்ந்து பயிர் செய்யத் தொடங்கினார்கள். ஆனாலும் 1781இல் டச்சு அரசு கொடுத்த நிலத்தில் பொய்யாத விநாயகர் கோயில் எழுந்தது. மலேசியாவில் இன்றும் பூசை நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் அது ஒன்று.

'செட்டி' என்ற பெயரும் ஒரு குழப்பம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட்டித்தொழிலுக்குப் போன நாட்டுக்கோட்டை நகரத்தார் வேறு, இவர்கள் வேறு. நகரத்தார் மனைவி மக்களைச் செட்டிநாட்டில் விட்டுவிட்டுப் போய் வந்தவர்கள். இவர்கள் போன இடத்தில் குடும்பம் ஆனவர்கள். பிள்ளை, ராஜா, நாயக்கர், படையாச்சி என்ற பட்டங்களெல்லாம் இந்தச் சின்னச் சமூகத்துக்குள் உண்டு. படையாச்சி என்ற பட்டத்தைக் கொள்ளிடக் கரைக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை! ஆக அங்கே 'செட்டி' என்பது சாதிப்பெயராக நிற்காமல் வணிகன் என்ற பழைய பொருளிலேயே உறைந்து, சாதிகளையெல்லாம் ஒரே வேலிக்குள் அடைத்துவிட்டது.

வெளியுலகம் அவர்களுக்கு வைத்திருக்கும் இன்னொரு பெயர் 'பெரனாக்கான்'. மலாயில் 'அனாக்' என்றால் பிள்ளை. அதற்கு முன்னொட்டும் பின்னொட்டும் சேர்ந்து, 'இந்த மண்ணில் பிறந்த கலப்பினத்தார்' என்ற பொருளைத் தருகிறது. கருப்பை என்ற பொருளும் அதே சொல்லுக்கு உண்டு. இன்று பெரனாக்கான் என்றதும் பலருக்கு பாபா நியோன்யா எனப்படும் சீன வழியினர் மட்டுமே நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் 1876இல் சிங்கப்பூரில் தொடங்கிய மலாய்ச் செய்தித்தாள்களின் முன்னோடி இதழுக்கு 'ஜாவி பெரனாக்கான்' என்றே பெயர். அதை நடத்தியவர்கள் இந்திய முஸ்லிம்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் வழிவந்தவர்கள். நவீன மலாய் எழுத்தின் தந்தை எனப்படும் முன்ஷி அப்துல்லா மலாக்காவில் பிறந்து தமிழும் படித்தவர். அவருடைய முன்னோரில் அரபியரும் தமிழரும் இருந்தார்கள்.

பார்ச்சு வருடத்தில் இரண்டு முறை வரும். போகியன்று நடப்பது பார்ச்சு பொங்கால். ஆண்டின் நடுவில், பழங்கள் குவியும் பருவத்தில் வருவது பார்ச்சு புவா-புவாஹான். 'புவா' என்றால் பழம். ரம்புத்தானும் மங்குஸ்தானும் டுரியானும் முன்னோருக்கு முன்னால் வரிசையாக நிற்கும். தமிழ்நாட்டு நாட்காட்டியில் இப்படி ஒரு நாளே இல்லை. மாரியம்மன் திருவிழாவுக்கும் அவர்கள் வழக்கில் 'டத்தோ சாச்சார்' என்றுதான் பெயர். சாச்சார் என்றால் அம்மை நோய். டத்தோ பெரியவரைக் குறிக்கும் மரியாதைச் சொல். அரியலூர்ப் பக்கத்திலிருந்து மஞ்சள் துணி கட்டிச் சமயபுரத்துக்கு நடப்பவர்களுக்குப் பெயர் விசித்திரமாகப் படலாம். கரகமும் காவடியும் அலகும் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிடும்.

கலப்பு என்பது கடலுக்கு அப்பால் மட்டும் நடப்பதுமல்ல. திருமானூர் ஒன்றியத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் கட்டியவர் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர். காவி உடுத்தினார், சைவ உணவு உண்டார், ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு அதன்மீது கலம்பகம் பாடினார். தமிழ்ச் சொற்களை அகரவரிசைப்படுத்திய சதுரகராதி 1732இல் அவரிடமிருந்து வந்ததுதான். அவரை 'அந்நியர்' என்று இங்கே யாரும் ஒதுக்குவதில்லை. மலாக்கா செட்டிகள் விஷயத்தில் மட்டும் 'தமிழ் தெரியாதவர்கள் எப்படித் தமிழர்?' என்ற கேள்வி சட்டென்று எழுந்துவிடுகிறது.

மறுபக்கத்தில் மலேசிய அரசமைப்பும் கைவிரிக்கிறது. அதன் 160ஆம் பிரிவின்படி மலாய்க்காரர் என்பவர் மலாய் பேச வேண்டும், மலாய் வழக்கங்களைப் பின்பற்ற வேண்டும், முஸ்லிமாக இருக்க வேண்டும். முதலாவது இவர்களிடம் முழுக்க இருக்கிறது, இரண்டாவது பெரும்பாலும் இருக்கிறது, மூன்றாவது இல்லை. இவர்கள் சைவர்கள். படிவங்களில் 'இந்தியர்' என்ற கட்டத்துக்குள்தான் போய் நிற்க வேண்டும்.

அங்கீகாரம் இப்போது மெல்ல வருகிறது. சாமுவேல் துரைசிங்கம் இவர்களைப் பற்றி 2006இல் ஒரு நூல் எழுதினார். மலாக்கா நகரம் 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2018இல் சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையம் இவர்களுக்காகவே ஒரு கண்காட்சி நடத்தியது. 2024 டிசம்பரில் கெபாயாவும் ஐந்து நாடுகளின் கூட்டு விண்ணப்பத்தால் யுனெஸ்கோவின் கலாசார மரபுப் பட்டியலுக்குள் வந்தது. நல்லதுதான். ஆனால் சாரோங்கைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம், பார்ச்சுவை வைக்க முடியாது. அதற்கு ஒரு வீடு வேண்டும், கூடி உட்கார உறவுக்காரர் வேண்டும், இறந்த தாத்தாவுக்கு எந்தக் குழம்பு பிடிக்கும் என்று தெரிந்த ஒருத்தி வேண்டும். பிள்ளைகள் வேலைக்காகக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டால் இந்த மூன்றும் சிதறிவிடும்.

இன்னொரு ஆபத்து அன்பு வழியாக வருவது. தமிழ்நாட்டிலிருந்து போகும் நல்லெண்ணக்காரர்களுக்கு, "பார்ச்சு பொங்கால் தவறு, பொங்கல் படையல் என்று சொல்லுங்கள்" எனத் திருத்தத் தோன்றலாம். அந்தத் தொடரைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டுத் திருத்தலாம். தமிழில் அடை முன்னால் வரும்: பொங்கல் படையல். மலாயில் பெயர் முதலில், அடை பிறகு: பார்ச்சு பொங்கால். இரண்டு சொல்லும் தமிழ், அடுக்கிய முறை மலாய். தந்தை வழியில் சொல்லும் தாய் வழியில் இலக்கணமும் வந்த வீட்டில் வேறு எப்படிப் பேசுவார்கள்? வரிசையை மாற்றினால் போய்விடுவது அந்த மலாய், ஜாவா, சீனப் பாட்டிகள்தான். படையல் அவர்களுக்கும் சேர்த்துத்தான் போடப்படுகிறது.