சாவிக்கொத்து யார் கையில்?

தினமும் தாம்பரத்துல ஏறி செங்கல்பட்டு லைன்ல போற ஆளு நான். வேலை, சாஃப்ட்வேருக்குப் பயனர் கையேடு எழுதுறது. கோட் எழுதுறவங்க நடுவுல எங்களை யாரும் பெருசா கண்டுக்க மாட்டாங்க. ஆனா ஒரு லாபம் உண்டு. எழுதணும்னா முதல்ல நமக்குப் புரியணும்.

போன மாசம் கையில வந்தது ஒரு பாதுகாப்பு டூல். ஏஐ ஏஜெண்ட் ஓட்டுற பயனர்கள்ல யார் யார்கிட்ட ஆபத்தான பர்மிஷன் இருக்குன்னு தேடிச் சொல்லும். “இது எதுக்கு?”ங்கிற முதல் பக்கத்தை எழுத உட்கார்ந்தவன் ஐம்பது வருஷம் பின்னாடி போயிட்டேன். அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

1975ல ஜெரோம் சால்ட்ஸரும் மைக்கேல் ஷ்ரோடரும் கணினிப் பாதுகாப்பு பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. அதுல ஒரு விதி: ஆளோ புரோகிராமோ, வேலைக்கு எவ்வளவு அதிகாரம் வேணுமோ அவ்வளவுதான் கொடுக்கணும். கேட்க சுலபம். கடைப்பிடிச்சவங்க கம்மி.

கடைப்பிடிக்காட்டி என்ன ஆகும்? நார்ம் ஹார்டி 1988ல எழுதின ஒரு சின்னக் கட்டுரையில பதில் இருக்கு. டைம்ஷேர்னு ஒரு அமெரிக்க நிறுவனம், கணினி நேரத்தை வாடகைக்கு விட்டுட்டிருந்தது. அங்கே இருந்த ஃபோர்ட்ரான் கம்பைலர் தன் பயன்பாட்டுக் கணக்கை ஒரு சிஸ்டம் டைரக்டரியில எழுதி வைக்கும். அதுக்காக அந்த டைரக்டரியில எழுத அதுக்கு பர்மிஷன் கொடுத்திருந்தாங்க. அதே டைரக்டரியிலதான் வாடிக்கையாளர்களோட பில் ஃபைலும் இருந்தது. ஒரு பயனர், “ரிசல்ட்டை இந்த ஃபைல்ல எழுது”ன்னு பில் ஃபைல் பேரைக் கொடுத்துட்டார். அவருக்கு அதைத் தொட அனுமதி கிடையாது. கம்பைலருக்கு உண்டே! எழுதிடுச்சு. பில் கணக்கு காலி.

வீட்டுச் சாவி வச்சிருக்கிற வேலைக்காரர்கிட்ட, “ஐயா எடுத்துட்டு வரச் சொன்னாரு”ன்னு எவனோ சொல்லி பீரோவைத் திறக்க வைக்கிற மாதிரி. வேலைக்காரர் மேல தப்பு இல்ல. யார் சொல்றான்னு அவருக்குத் தெரியல, அவ்வளவுதான்.

இந்த மாதிரி ஓட்டையைத் தேடுற டூல்களுக்கும் வயசாச்சு. 1990ல டான் ஃபார்மர் யூனிக்ஸுக்காக ‘காப்ஸ்’ கொண்டுவந்தார். அதுல ராபர்ட் பால்ட்வின் உருவாக்கின ‘குவாங்’ங்கிற பகுதியும் இருந்தது. அது பின்னாடியிருந்து யோசிக்கும். “ரூட் ஆகணும்னா எந்த ஃபைலை மாத்தணும்? அதை யாரால மாத்த முடியும்?”னு ஒவ்வொரு படியா இறங்கும். 2016ல வந்த ‘பிளட்ஹவுண்ட்’ இதே யோசனையை விண்டோஸ் ஆக்டிவ் டைரக்டரிக்குக் கொண்டுபோய், சாதாரண ஆள்கிட்டருந்து அட்மின் வரைக்கும் இருக்கிற வழியைப் படமாவே போட்டுக் காட்டிச்சு.

நம்ம ஊருக்கும் இதுல பங்கு உண்டு. 1996ல அட்வென்ட்நெட்டா ஆரம்பிச்சு 2009ல பேர் மாத்தின ஜோஹோ, கூடுவாஞ்சேரி தாண்டி வல்லாஞ்சேரியில இருக்கு (நான் வேலை பார்க்கிறது அங்கே இல்லீங்க). அவங்களோட மேனேஜ்என்ஜின் பிரிவு, ஆக்டிவ் டைரக்டரியில யாருக்கு என்ன உரிமைன்னு ரிப்போர்ட் எடுக்கிற சாஃப்ட்வேரை ரொம்ப வருஷமா விக்குது. 2025 ஜூலையில ஜோஹோ தன்னோட சொந்த ஏஐ ஏஜெண்டுகளையும் வெளியிட்டது.

நிற்க. ஏஜெண்ட் வந்ததும் என்ன மாறிச்சு? முன்னாடி ஒரு குமாஸ்தாவுக்குத் தவறுதலா பத்தாயிரம் ஃபைலுக்கு அனுமதி இருந்தாலும், அவர் திறக்கிறது அஞ்சுதான். மிச்சம் அப்படியே தூங்கும். ஏஜெண்ட் தூங்க விடாது. பயனரோட பர்மிஷனைக் கடன் வாங்கி அத்தனையையும் துழாவும். தான் படிக்கிற மெயில்ல எழுதியிருக்கிறதையும் முதலாளி கட்டளைன்னு நினைச்சுக்கும். இந்த ஏமாற்று வேலைக்கு 2022ல சைமன் வில்லிசன் ‘ப்ராம்ப்ட் இன்ஜெக்‌ஷன்’னு பேர் வச்சார்.

2025ல வெளியான ‘எக்கோலீக்’ அப்படித்தான். ஒரு மெயில் அனுப்பினாலே போதும். பயனர் எதையும் கிளிக் பண்ண வேண்டாம், மைக்ரோசாஃப்ட் கோபைலட் வழியா அவரோட தகவல் வெளியே போகலாம்னு ஆய்வாளர்கள் காட்டினாங்க. வாடிக்கையாளர் யாரும் பாதிக்கப்படலைன்னு சொல்லி மைக்ரோசாஃப்ட் அதைச் சரிபண்ணிடுச்சு. ஃபோர்ட்ரான் கம்பைலர் கதையேதான், ஆள் மட்டும் புதுசு.

இதையெல்லாம் எழுதி முடிச்ச ராத்திரிதான் எனக்கு உறைச்சுது. எங்க ஃப்ளாட் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். மெயின்டனன்ஸ் பாக்கி கடிதம் எழுதச் சோம்பேறித்தனப்பட்டு, ஒரு ஏஐ உதவியாளரை என் மெயிலோடயும் சங்கத்து ஃபோல்டரோடயும் இணைச்சு வச்சிருந்தேன். திறந்து பார்த்தா, அதே ஃபோல்டர்ல வாடகைக்கு இருக்கிறவங்களோட ஆதார் நகல் அத்தனையும்! நம்பிக் கொடுத்தவங்க. போதாததுக்கு ரெண்டு பழைய பொருளாளர்களுக்கு இன்னும் எடிட் உரிமை.

எதுவும் கெட்டுப்போகல. ஆனா அதுக்கு என் சாமர்த்தியம் காரணம் இல்ல. இணைப்பைத் துண்டிச்சேன். ஆதார் நகலைத் தனியா எடுத்துப் பூட்டினேன். பாக்கிக் கணக்கு மட்டும் இருக்கிற புது ஃபோல்டரை உதவியாளருக்குக் கொடுத்தேன். வேலை அதே மாதிரிதான் நடக்குது.

மறுநாள் கையேட்டோட முதல் பக்கத்தைத் திருத்தினேன். “ஏஜெண்டைச் சோதிக்கும் முன், அதை ஓட்டுபவரிடம் என்னென்ன அனுமதிகள் உள்ளன என்று பாருங்கள்.” அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு நீளப் பதிவு.

டிஸ்கி: நீங்களும் இன்னிக்கு ராத்திரி உங்க மெயில் செட்டிங்ஸ்ல எந்தெந்த ஆப்புக்கு அனுமதி கொடுத்திருக்கீங்கன்னு ஒரு தடவை பாருங்க மக்களே. பேரே ஞாபகம் இல்லாத ஒண்ணாவது இருக்கும்.