நாற்பது வாட்

ஒரு குடிசைக்கு எவ்வளவு கரண்ட் போதும்? தமிழ்நாட்டு மின்வாரியத்திடம் இதற்கு ஒரு எண் இருந்தது: 40 வாட். அதாவது ஒரு குண்டு பல்பு. மீட்டர் இல்லை, பில்லும் இல்லை. எம்.ஜி.ஆர் ஆட்சியில் பரவிய ‘குடிசைக்கு ஒரு விளக்கு’ திட்டம் இது. 1988-89இல் மத்திய அரசு ‘குடிர் ஜோதி’ என்ற பெயரில் இதே மாதிரி ஒன்றை நாடு முழுக்கக் கொண்டு வந்தது. அவலூர்பேட்டைப் பக்கம் எங்கள் பாட்டி ஊரில் திட்டத்தின் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ‘ஒத்த லைட்டு’ என்பார்கள், அவ்வளவுதான்.

இதைக் கிண்டல் செய்வது சுலபம், ஆனால் நியாயமில்லை. சீமெண்ணெய் சிம்னியோடு ஒப்பிட்டால் குண்டு பல்பின் வெளிச்சம் பத்து மடங்குக்கு மேல். அதைவிட முக்கியம், அந்த வெளிச்சம் குடிசைக்குள் வந்தது. 1997 வரை இந்தியாவில் ஒரு கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எதற்காகவாவது மின்சாரம் பயன்பட்டால் போதும், அது மின்வசதி பெற்ற கிராமம். மல்லாட்டைக் கொல்லையில் ஒரு மோட்டார் ஓடினால் ஊரே கணக்கில் சேர்ந்துவிடும். ஊருக்குள் ஒரு வீட்டில்கூட பல்பு எரிய வேண்டிய அவசியமில்லை. கிணறு உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையில் இருந்த அந்த இடைவெளிக்குள்தான் ஒத்த லைட்டு நுழைந்தது.

சிக்கல் அந்த எண்ணில் இருக்கிறது. குண்டு பல்பு தான் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகக் கொட்டிவிடும். 40 வாட்டுக்குக் கிடைப்பது சுமார் 400 லூமன் வெளிச்சம். அந்தக் காலத்து நாலடி டியூப் லைட் சுமார் 2,400 லூமன் தரும். டியூப்பும் 40 வாட்தான், ஆனால் சோக் தனியாகப் பத்துப் பதினைந்து வாட் தின்னும். விதியை எழுத்துப்படி படித்தால், ஆறு மடங்கு வெளிச்சம் தரும் டியூப் லைட் குடிசைக்கு அனுமதி இல்லாத ஆடம்பரம். ஏழைக்கு எத்தனை வாட் என்று அளந்தார்கள், எவ்வளவு வெளிச்சம் என்று அளக்கவில்லை. என் தொழிலில் எத்தனை வரி கோடு எழுதினாய் என்று கேட்கும் மேனேஜர்கள் உண்டு. அதே வியாதி.

வோல்டேஜ் கதையும் இருக்கிறது. குண்டு பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு சேர்ந்து நேர்விகிதத்தில் குறையாது, சரியும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். கிணற்றுப் பாசனப் பகுதிகளில் மோட்டார்கள் ஒன்றாக ஓடும்போது லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில் பல்பின் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரியும். சிறு விவசாயிகளுக்கு 1984இலும் எல்லா விவசாயிகளுக்கும் 1990இலும் இலவச மின்சாரம் வந்தது. அந்தப் போராட்டத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் மோட்டார் எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று கவலைப்படும் தேவை அத்தோடு போயிற்று. அதற்கான விலையில் ஒரு பங்கை ஒத்த லைட்டும் கட்டியது.

இதையெல்லாம் அப்போதே யோசித்த ஒருவர் உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அமுல்யா ரெட்டி. மக்களுக்கு வேண்டியது யூனிட் கணக்கு இல்லை, வெளிச்சமும் வெந்த சோறும் தண்ணீரும்தான் என்பது அவருடைய வாதம். கர்நாடக அரசின் நீண்டகால மின்திட்டத்துக்கு மாற்றாக, 1990களின் தொடக்கத்தில் ‘டிஃபெண்டஸ்’ என்ற கணக்கை அவரும் சகாக்களும் முன்வைத்தார்கள். எல்லா வீட்டுக்கும் இணைப்பு கொடுத்துவிட்டு, கூடவே விளக்கையும் மோட்டாரையும் திறன் மிக்கதாக மாற்றினால், அரசு கேட்ட மின்சாரத்தில் பாதிக்கும் குறைவாகவே போதும் என்றது அந்தக் கணக்கு. அதே காலத்தில், 1991இல், பிரிட்டனில் பிரெண்டா போர்ட்மன் எரிபொருள் வறுமை பற்றி எழுதிய புத்தகத்திலும் இதற்குப் பக்கமான ஒரு வாதம் உண்டு. ஏழை கையில் குளிர்காலப் பணம் கொடுத்தால் மட்டும் தீராது, வெப்பம் ஒழுகும் வீட்டைச் சரிசெய்ய முதலீடு வேண்டும். அங்கே ஒழுகியது சுவர், இங்கே பல்பு.

பிறகு பொருட்கள் வந்தன. 2006இல் இலவச கலர் டிவி, 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. 40 வாட் வரம்பை அரசின் கையே உடைத்தது, விதிகளும் பின்னாலேயே நெளிந்து கொடுத்தன. மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2012 வாக்கில் குடிசைகளின் குண்டு பல்புக்குப் பதில் சி.எஃப்.எல் தருவதாக அரசு அறிவித்தது. சரியான யோசனை. ஆனால் இருபது வருடம் லேட், அதுவும் தட்டுப்பாடு கழுத்தை நெரித்த பிறகு.

எல்.இ.டி கதை இன்னும் சுவாரஸ்யம். மத்திய அரசின் ஈ.ஈ.எஸ்.எல் நிறுவனம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியதில், 2014இல் 310 ரூபாயாக இருந்த பல்பின் கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. பல மாநிலங்களில் பல்பை முதலில் வாங்கிக்கொண்டு, பணத்தை மாதம் பத்து ரூபாயாக மின் பில்லில் கட்டும் வசதி அப்போது இருந்தது. நல்ல ஏற்பாடுதான், பில் வருகிறவர்களுக்கு. பில்லே வராத குடிசையில் எதோடு சேர்த்து வசூலிப்பது? அங்கே மிச்சமாகும் காசும் வாரியத்துக்குத்தான் போகும்.

அந்த முடிச்சு இன்றைக்கு ஃபேனில் விழுந்திருக்கிறது. தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் போட்ட வீட்டில் மே மாதம் இருந்து பார்த்தவர்களுக்கு, விளக்கைவிட ஃபேன் ஏன் முக்கியம் என்று தெரியும். சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி ஃபேன் 28. அதோடு 9 வாட் எல்.இ.டி ஒன்றைச் சேர்த்தால் மொத்தம் 37. ஒரு குண்டு பல்புக்கென்று ஒதுக்கிய அதே 40 வாட்டுக்குள் இரண்டு மடங்கு வெளிச்சமும் காற்றும் அடங்கிவிடுகிறது!

சென்னையில் என் வீட்டில் பி.எல்.டி.சி ஃபேன்தான் சுற்றுகிறது. 2016இல் வந்த நூறு யூனிட் இலவசம் எனக்கும் உண்டு. அதைத் தாண்டி வரும் பில்லைப் பார்த்துத்தான் அந்த ஃபேனை வாங்கினேன். இலவசத்துக்குள்ளேயே முடிந்துவிடும் வீட்டுக்கு, சாதாரண ஃபேனைவிட ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுத்து அதை வாங்க என்ன காரணம் இருக்கிறது? காரணம் இருப்பது கரண்டுக்குப் பணம் கட்டுகிற அரசுக்கும் வாரியத்துக்கும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், வருடத்துக்கு முந்நூறு நாள் ஓடினால் மிச்சம் சுமார் 170 யூனிட். யூனிட்டுக்கு ஆறு ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய். இரண்டு வருடத்துக்குள் ஃபேனின் கூடுதல் விலை வாரியத்துக்குத் திரும்பிவிடும்.