அண்டை வீட்டுப் பாட்டு

ஈஜிபுராவின் நெருங்கிய தெருக்களில் மாலை வேளையில் நடந்து செல்வோமானால், ஒரு வீட்டில் தமிழ்ப் பாட்டும் அடுத்த வீட்டில் கன்னடப் பாட்டும் ஒலிக்கக் கேட்கலாம். பிழைப்பை நாடிப் பெங்களூருக்கு வந்த நம்மவர், கடைவீதிக்கு வேண்டிய கன்னடத்தை விரைவிலேயே கற்றுக்கொள்கின்றனர். ஆயின், அம்மொழியின் பாட்டுக்குள் புகுந்து பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? இவ்வினாவை எழுப்பும் இசைத்தொகுப்பு ஒன்று 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. ரகு தீட்சித் அளித்த 'அந்தராக்னி' என்பதே அது. அகத்தே எரியும் தீ என்பது அப்பெயரின் பொருள்.

ரகு தீட்சித் மைசூரில் வளர்ந்தவர், பரதநாட்டியம் பயின்றவர், நுண்ணுயிரியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். தாமே மெட்டமைத்துக் கிதாரை மீட்டிப் பாடுபவர். புதிய பாடல்களோடு, சிசுநாள ஷரீபின் பழம்பாடல்களையும் அவர் இத்தொகுப்பிற் சேர்த்து, ராக் இசையின் முழக்கத்தோடு பாடினார்.

ஷரீப் யார்? 1819 முதல் 1889 வரை வாழ்ந்தவர். இன்றைய ஹாவேரி மாவட்டத்துச் சிற்றூரில் முஸ்லிம் குடும்பத்திற் பிறந்தவர். அவருடைய குருவோ கோவிந்த பட்டர் என்னும் அந்தணர். வீட்டிலும் வயலிலும் காணும் பொருள்களைக் கொண்டே அவர் மெய்ப்பொருளைப் பாடினார். ஒரு பாடலில் உக்கா என்னும் புகைக்குழலை வைத்து அகநோய்க்கு மருந்து கூறுகிறார். மற்றொன்றில் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. அறியாமையே அந்த ஒழுக்கு. மழைநாளில் ஒழுகும் கூரையின் கீழ்ப் பாத்திரம் வைத்துப் பழகிய நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

இப்பாடல்கள் வட கர்நாடகத்தில் வாய்வழியே வாழ்ந்து வந்தன. பின்னர், சி. அஸ்வத் அவற்றை மெல்லிசையாக்கி நகரத்தாரிடம் கொண்டு சேர்த்தார். 1990இல் நாகாபரணா இயக்கிய திரைப்படம் ஷரீபின் வரலாற்றையே காட்டியது. அதற்கும் இசை அஸ்வத்தே. ஆகவே, 2008இல் நிகழ்ந்தது பழைய பாட்டு உடுத்த மூன்றாவது உடையாகும்.

நாட்டுப் பாடலுக்கு மின்கிதார் பொருந்துமா என்ற வழக்கு உலகெங்கும் நடந்ததுண்டு. 1965இல் அமெரிக்காவின் நியூபோர்ட் விழாவில் பாப் டிலன் மின்கிதாருடன் பாடியபோது, கேட்டோருள் ஒரு சாரார் கூச்சலிட்டு எதிர்த்தனர். முழக்கத்திற் சொல் அமிழ்ந்துவிடும் என்ற அச்சம் பொய்யன்று. எனினும், மொழியறியாதவனைப் பாட்டின் வாசல்வரை அழைத்து வருவதும் அம்முழக்கமே. தாளம் முதலில் காலை அசைக்கிறது. பிறகே, 'இதன் பொருள் யாது?' என்று நாவு கேட்கிறது. 2011இல் இங்கிலாந்தின் 'சாங்லைன்ஸ்' இதழ் ரகு தீட்சித்துக்குப் புதுமுகக் கலைஞர் விருது வழங்கியது. கடல் கடந்தோர் கேட்ட பாட்டை, சுவருக்கு அப்பால் இருக்கும் நாம் கேளாதிருக்கலாமா?

கேட்டால், அது நமக்கு அயற்பாட்டாகவும் தோன்றாது. ஷரீபுக்குச் சற்று முன்னர்த் தமிழகத்தில் குணங்குடி மஸ்தான் சாகிபு பாடினார். அவர்மீது சரவணப்பெருமாளையர் நான்மணிமாலை இயற்றினார். அங்கே முஸ்லிம் சீடர், அந்தணர் குரு. இங்கே முஸ்லிம் ஞானி, அவரைப் போற்றிய ஐயர். கடுவெளிச் சித்தரின் மண்தோண்டியும் ஷரீபின் ஒழுகும் வீடும் நிலையாமையையும் அறியாமையையும் சொல்லும் உடன்பிறப்புக்கள்.

2009 ஆகஸ்டில், பெங்களூர் அல்சூரில் திருவள்ளுவர் சிலையும் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பெற்றன. அல்சூர்ச் சிலை திறப்பு விழாவுக்காகப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தது. சிலைகளை அரசுகள் நிறுவலாம். பாட்டைக் கேட்பது அவரவர் செவியின் பொறுப்பு. அடுத்த வீட்டில் ஷரீபின் பாட்டு ஒலிக்கும் மாலையில், நாம் நம் வானொலியின் ஒலியைச் சிறிது தணித்து, அவ்வீட்டாரிடம் பொருள் கேட்போமாக. கேட்டறிந்தபின், மஸ்தான் சாகிபின் பாட்டொன்றை அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போமாக.