மெட்டு யாருடையது? ஒப்பாரியும் சிந்தசைசரும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற வழியில் எந்தச் சேரியில் சாவு விழுந்தாலும் ஒப்பாரி வைக்க ஒரு கிழவி வந்துவிடுவாள். செத்தவரின் பேர், செய்த வேலை, பட்ட கடன், விட்டுப்போன பிள்ளைங்க எல்லாத்தையும் அந்த நிமிஷமே மெட்டில் கட்டிவிடுவாள். அவளை ‘இசையமைப்பாளர்’ என்று யாரும் சொன்னதில்லை. ஏனுங்க என்று கேட்டால், அவளுக்கு நொட்டேஷன் தெரியாதே என்பார்கள்.

இந்தப் பதிலைச் சோதிக்கக் கொஞ்சம் வெளியே போய் வரலாம். கிரேக்கரான வாஞ்செலிஸுக்கும் நொட்டேஷன் வாசிக்கத் தெரியாது. சிந்தசைசர்களுக்கு நடுவே உட்கார்ந்து மனம்போன போக்கில் வாசிப்பார், டேப் ஓடும். ‘யெஸ்’ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் ஜான் ஆண்டர்சன் அதில் சொல் கட்டிப் பாடுவார். ‘ஷார்ட் ஸ்டோரீஸ்’ 1980இல் வந்தது, ‘தி ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மிஸ்டர் கெய்ரோ’ 1981இல். உறையில் ‘ஜானும் வாஞ்செலிஸும்’ என்றே போட்டார்கள். மெஷின் வைத்திருப்பவரும் குரல் வைத்திருப்பவரும் சமம் என்று அந்த ‘உம்’ சொல்கிறது. நொட்டேஷன் தெரியாத அந்த வாஞ்செலிஸுக்குத்தான் 1982இல் ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்துக்காக ஆஸ்கார் கொடுத்தார்கள்.

ஆக, நொட்டேஷன் என்பது வெறும் சாக்கு. ‘இசையமைப்பாளர்’ என்ற பட்டத்தை வழங்குகிற அதிகாரம் வேறெங்கோ இருக்கிறது.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியது. பா. ரஞ்சித்தின் முயற்சி அது, இசைப் பொறுப்பு தென்மா. பறையும் கானாவும் ராக் கிடாரும் ராப்பும் ஒரே மேடையில் கலந்தன. அங்கே பாடியவர்களில் ஒருவர் அரக்கோணத்து அறிவு. 2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனின் ஸ்டுடியோ வழியாக அறிவும் தீயும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ வெளிவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டியின் நினைவும் ஒப்பாரியின் இழுவையும் எலக்ட்ரானிக் தாளத்தில் ஏறி உலகம் சுற்றின.

அப்புறம்தான் சிக்கல். 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தபோதும் அறிவு மேடையில் இல்லை. சொல்லும் மெட்டும் தன்னிடமிருந்து வந்தவை என்று அறிவு எழுதினார். பாடலுக்கான எண்ணம் தீயுடையது, மெட்டில் பெரும்பகுதி தீயும் தானும் போட்டது, வரிகள் அறிவுடையவை, வருமானத்தில் எல்லாருக்கும் சமபங்கு என்று சந்தோஷ் பதில் சொன்னார். 2024 மார்ச்சில் அதே சந்தோஷ், வெளியிட்ட நிறுவனத்திடமிருந்து எங்கள் யாருக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்றார்.

இதில் தீர்ப்பு சொல்ல நாம் வரவில்லை. ஸ்டுடியோவில் நடந்தது அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். நம் கேள்வி வேற. எழுதப்படாத மெட்டு மெஷினுக்குள் நுழைகிறபோது அது ‘மூலப்பொருள்’ ஆகிவிடுகிறது. அதை அடுக்கி, வெட்டி, ஒட்டித் தருவது ‘படைப்பு’ ஆகிறது. நெல் விளைவித்தவனுக்குப் பேர் கிடையாது, அரிசி மூட்டையில் மில்லுக்காரர் பேர் இருக்கும், அப்படித்தான். கடைசியில் மில்லுக்காரரும் ஏமாந்தேன் என்கிறார்.

தொண்ணூறுகளில் நாம் ‘ஆசிரியன் இறந்துவிட்டான்’ என்று ரொம்ப உற்சாகமாக எழுதினோம். ஆசிரியனாக ஒருநாளும் எண்ணப்படாதவளுக்கு அந்தச் சாவால் என்ன லாபம் என்று கேட்க மறந்தோம். பேர் இருந்தவன் பேரைத் துறக்கலாம். பேரே இல்லாதவள் எதைத் துறப்பாள்?

சந்தோஷையும் கம்பெனியையும் மட்டும் நிற்கவைத்துக் கேட்பது சுலபம். நாமும் டேப்ரிகார்டரைத் தூக்கிக்கொண்டு சேரிக்குப் போனவர்கள்தான். ஒப்பாரியையும் நடவுப்பாட்டையும் பதிவு செய்து புத்தகம் போட்டோம், கலை இரவுகளில் பாடினோம். அட்டையில் யார் பேர் இருந்தது? தொகுத்தவர் பேர். பாடினவள் உள்ளே ‘ஒரு மூதாட்டி’. மக்கள் சொத்து என்று சொல்லியே அவளை அழித்தோம்.

அடுத்த தடவை செல்போனை நீட்டுவதற்கு முன்னால் அந்தக் கிழவியிடம் ரெண்டு கேள்வி கேட்போம் தோழர்களே: உன் பேர் என்ன? போட்டுக்கலாமா? அவள் சரியென்றால் ‘உம்’ போட்டு, நம்ம பேருக்கு முன்னால் எழுதுவோம்.