இரண்டு எழுத்தில் எழுந்த ஊர்

ஊர்கள் ஆற்றங்கரையிலும் கோயிலைச் சுற்றியும் துறைமுகத்தை ஒட்டியும் பிறந்த வரலாறுகளை நாம் படித்திருக்கிறோம். ஓர் இரயில் நிலையத்தைச் சுற்றிப் பிறந்து, அந்நிலையத்தின் பெயரையே தன் பெயராகவும் ஏற்றுக்கொண்ட ஊர் ஜப்பானில் இருக்கிறது. டோக்கியோ மைய நிலையத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 34 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குனிதாச்சியே அது.

அந்த ஊருக்கு முன்னரே அங்கு இருப்புப்பாதை வந்துவிட்டது. 1889ஆம் ஆண்டு ஏப்ரலில் கோபு இரயில்வே என்னும் தனியார் நிறுவனம் ஷின்ஜுக்குவிலிருந்து தாச்சிகாவா வரை பாதை அமைத்தது. ஹிகாஷி நாகானோவைக் கடந்தபின் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தூரம் வளைவே இல்லாமல் ஓடும் பாதை அது. 1906இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. ஆயினும் கொக்குபுன்ஜிக்கும் தாச்சிகாவாவுக்கும் இடையே வண்டி நிற்க இடமில்லை. நிற்கக் காரணமும் இல்லை. யஹோ என்னும் கிராமத்தின் வடபுறத்து மரக்காடு மட்டுமே அங்கிருந்தது.

1923 செப்டம்பர் 1ஆம் நாள் நேர்ந்த பெரும் நிலநடுக்கம் அக்காட்டின் விதியை மாற்றியது. டோக்கியோ நகர நடுவிலிருந்த வணிகவியல் பல்கலைக்கழகத்தின் கட்டடங்கள் அழிந்தன. புது இடம் தேடிய பல்கலைக்கழகத்தோடு, சுட்சுமி யசுஜிரோவின் ஹகோனே நில நிறுவனம் கைகோத்தது. காட்டைத் திருத்திக் கல்வி நகரம் ஒன்றை அமைப்பது திட்டம். இரயில் நிற்காத இடத்தில் மனை வாங்க எவர் வருவார்? எனவே நிறுவனமே நிலையத்தைக் கட்டி இரயில்வே அமைச்சகத்திற்கு வழங்கியது. 1926 ஏப்ரல் 1ஆம் நாள் நிலையம் திறக்கப்பட்டது.

பெயர் வைத்த கதை கவிஞர்களுக்குச் சுவை தரும். கிழக்கே கொக்குபுன்ஜி, மேற்கே தாச்சிகாவா. இரு நிலையங்களின் பெயரிலிருந்தும் முதல் எழுத்தை எடுத்துச் சேர்த்தார்கள். முதலாவது எழுத்து 'நாடு' என்றும், இரண்டாவது 'நிற்றல், எழுதல்' என்றும் பொருள் தருவது. கொக்குபுன்ஜியில் 'கொக்கு' என ஒலிக்கும் எழுத்தே இங்குக் 'குனி' என ஒலிக்கிறது. அண்டை ஊர்களிடம் கடன் வாங்கிய இரண்டு எழுத்துகள் சேர்ந்து, 'நாடு எழுகிறது' என்ற புதுப்பொருளைப் பெற்றன. 1951இல் யஹோ கிராமம் நகரியமாக உயர்ந்தபோது தன் பழைய பெயரை விட்டு இப்பெயரையே சூடிக்கொண்டது. 1967இல் அது மாநகரமாயிற்று.

நிலையக் கட்டடம் பெரியதன்று. சிவப்பு நிற முக்கோணக் கூரை, அதன் இருபுறமும் ஒத்திராத சரிவு, வெண்சுவர், அரைவட்டச் சாளரம், எல்லாம் மரவேலை. எதிரே வட்டத் திடல். அங்கிருந்து தெற்கே நேராக, இருமருங்கும் செர்ரியும் கிங்கோவும் நிற்கும் அகன்ற பல்கலைக்கழகச் சாலை. வசந்தத்தில் வெண்மையும் இலையுதிர் காலத்தில் பொன்னிறமும் கொள்ளும் அச்சாலையைப் பார்த்தபடியே அக்கூரை நின்றது.

அக்கூரையின் கீழ் நாள்தோறும் நடந்தது எளிய வாழ்க்கைதான். காலையில் வேலைக்கும் படிப்புக்கும் போனவர்கள் மாலையில் திரும்பினார்கள். 1957 முதல் சூவோ பாதையில் ஆரஞ்சு நிற விரைவு வண்டிகள் ஓடலாயின. அண்டையிலுள்ள இரண்டு பெருநிலையங்களிலும் நிற்கும் சிறப்பு விரைவு வண்டிகள் குனிதாச்சியில் நிற்பதில்லை. எழுத்தைக் கடன் கொடுத்த ஊர்கள் பெருநிலையங்களாகவே இருக்க, கடன் வாங்கிய ஊர் சிறுநிலையமாகவே இருந்துவிட்டது.

ஆனால் ஊர்மக்கள் தங்கள் ஊரைச் சிறிதாக எண்ணவில்லை. 1950இல் கொரியப் போர் மூண்டதும், தாச்சிகாவாவில் இருந்த அமெரிக்க விமானத்தளத்தின் படைவீரர்களை நாடிக் குடிக்கடைகளும் கேளிக்கை விடுதிகளும் குனிதாச்சிக்குள் வரத் தொடங்கின. குடும்பத்தினரும் மாணவர்களும் இதை எதிர்த்து எழுந்தனர். வணிகம் கெடும் என்று மறுத்தோரும் இருந்தனர். முடிவில் 1952இல் அப்பகுதி கல்விப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

பின்னாளில் நிலையத்திற்கே சோதனை வந்தது. வண்டிகள் பெருகப் பெருக, இரயில்வே கேட்டுகள் மூடியே கிடந்தன. 'திறவாத கேட்' என்பது அந்நாட்டு வழக்கு. மிட்டாக்காவிலிருந்து தாச்சிகாவா வரை 13 கிலோமீட்டர் பாதையை உயர்த்தி 18 கேட்டுகளை அகற்றும் பணி தொடங்கியது. கேட்டருகே காத்து நின்றவர்களின் துன்பம் மெய்யானது. அதைத் தீர்க்க வேண்டுமாயின் பழைய கட்டடம் அங்கே நிற்க இயலாது என்பதும் மெய்யே. நியாயம் இருபுறமும் இருக்கும் வழக்குகளே கடினமானவை.

குனிதாச்சி கண்ட வழி எளியது, ஆனால் பொறுமை வேண்டுவது. 2006இல் நகராட்சி அக்கட்டடத்தைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அதே ஆண்டில் கட்டடம் இடிக்கப்படாமல், பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, மரங்கள் சேமித்து வைக்கப்பட்டன. 2010இல் மேம்பாதைக்கு மாறும் பணி நிறைவெய்தியது. ஆயினும் மரங்கள் காத்திருந்தன. நிலையம் நின்ற நிலத்தை நகராட்சி இரயில்வே நிறுவனத்திடமிருந்து விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. 2020 ஏப்ரலில், ஏறத்தாழப் பழைய இடத்திலேயே, பெரும்பாலும் பழைய மரங்களைக் கொண்டே சிவப்புக் கூரை மீண்டும் எழுந்தது. பெருந்தொற்று ஊரையே வீட்டுக்குள் அடைத்திருந்த காலம் அது. டோக்கியோவில் இதனினும் மூத்த மரக்கட்டட நிலையமாக இருந்த ஹராஜுக்குவின் 1924ஆம் ஆண்டுக் கட்டடத்தை அகற்றும் பணியும் அதே ஆண்டில்தான் தொடங்கியது.

இன்று அக்கூரையின் கீழ்ப் பயணச்சீட்டு இல்லை, வண்டி இல்லை. வண்டிகள் பின்னே உயரத்தில் ஓடுகின்றன. வழி கேட்போர்க்கு வழி சொல்லவும், ஊரின் கதையைக் காட்டவும், காத்திருப்போர் அமரவும் அது பயன்படுகிறது. இதனைப் பொம்மை என்று சொல்வாரும் உண்டு. பயன் போனபின் உருவத்தை மட்டும் காப்பது எதற்கு என்பது புறந்தள்ளக்கூடிய கேள்வி அன்று. ஆனால் தங்கள் பெயரே அக்கட்டடத்தில் பிறந்தது என்பதை அறிந்த மக்களுக்கு, அது பயனற்ற உருவமாகத் தோன்றவில்லை. மனை விற்பதற்காக ஒரு நிறுவனம் கட்டிய நிலையத்தை, தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் தங்கள் பொதுப்பணத்தால் மீட்டுக் கட்டி, அவர்கள் உண்மையாகவே தமதாக்கிக்கொண்டார்கள்.

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் நம் வட்டமும் பல ஊர்களிலிருந்து வந்தவர்களின் முதல் எழுத்துகளால் ஆனதுதான். இடையில் கலைந்தாலும், மரங்களைப் பத்திரமாக வைத்திருந்தால் கூரை மீண்டும் எழும். பதினான்கு ஆண்டுகள் காத்திருந்த குனிதாச்சி அதற்குச் சான்று.